ஷேம் என்ற சொல் இனி இந்த வீட்டில் இல்லை

தம்பி,

போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் உன் பாப்பாவுக்குக் குளிக்கிற டப் வாங்கிக்கொண்டு நீயும் நானும் எலெக்ட்ரிக் டிரெயினில் திரும்பினோமே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். மஞ்சள் டப். அதை இரண்டு பேர் முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தோம். எதிரே இருந்த ஒரு அம்மா, கூச்சமே இல்லாமல், தன் கீரைக்கட்டை அதற்குள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வைத்துக்கொண்டார். பெருங்களத்தூரில் அவர் இறங்கிப் போன பிறகு, டப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கீரை இலையைப் பார்த்தபடியே நீ சொன்னாய். "அப்பா, பாப்பாவை நான் குளிப்பாட்ட மாட்டேன். அவ அம்மா நித்யாவே பார்த்துக்கட்டும்." உனக்குச் சோம்பேறித்தனம் என்று நினைத்து, "ஏன்டா, தண்ணி சுடுதா உனக்கு?" என்று கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை. "சின்ன வயசுல அந்த மாதிரி நடந்தவங்கதான் பின்னாடி அப்படி ஆவாங்கன்னு படிச்சேன்பா. எனக்கு என்னைப் பார்த்தாலே பயமா இருக்கு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஊரப்பாக்கம் வந்துவிட்டது. டப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கி, வீட்டுக்கு நடந்தோம்.

மாடியில் குடியிருக்கிற மகனுக்குக் கீழ் வீட்டிலிருந்து கடிதம் எழுதும் ஒரே அப்பன் நானாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, நேரில் பேச உட்கார்ந்தால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், உனக்கு மௌனம் முந்திக்கொள்ளும். எழுதினால் கோபத்தை அடித்துத் திருத்தலாம். எழுதியதை உன்னிடம் காட்டி, இதை நாலு பேர் படிக்கிற மாதிரி அச்சில் போடட்டுமா என்று கேட்டேன். நீ படித்தாய், இரண்டு வாக்கியத்தை அடித்தாய், "பேர் மட்டும் வேணாம்பா. மத்ததைப் போடுங்க" என்றாய். நித்யா என்பதும் நான் மாற்றி வைத்த பெயர்தான். கடைசிப் பகுதியை மட்டும் அதற்குப் பிறகு சேர்த்திருக்கிறேன், அதை நீயும் மற்றவர்களோடு சேர்ந்துதான் படிக்கப்போகிறாய். இது இத்தனை வருஷம் நம் தெருவைத் தாண்டாமல் இருந்ததால் யாருக்கு நன்மை என்று யோசித்துப் பார்த்தேன். அந்த ஆளுக்கு மட்டும்தான். ஆகவே இனி முடியாது.

அந்த ஆளைத் தெருப் பையன்கள் நீங்கள் எல்லோரும் கேரம் மாமா என்பீர்கள். ரிட்டயர் ஆனவர், தனியாக இருந்தார், வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. அப்போது நம் காலனியில் பாதி மனை காலி, மழை பெய்தால் முட்டளவு தண்ணீர், பையன்கள் ஓடி விளையாட இடம் கிடையாது. அவர் வீட்டு முன்னறையில் ஒரு கேரம் போர்டு இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் தெருப் பையன்கள் அங்கேதான். நான் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் ஃபோர்மேன், ஓவர்டைம் இல்லாத நாள் எனக்கு நினைவில்லை. உன் அம்மா தையல் மெஷினும் கையுமாக இருப்பாள். நீங்கள் சொல்லும் பள்ளிக்கூடக் கதையை உட்கார்ந்து கேட்கிற ஒரே பெரியவர் அவர்தான். 'எவ்வளவு பொறுமை பாரு மனுஷனுக்கு' என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். போர்டு வைக்க ஸ்டாண்ட் இல்லை என்று ஒரு நாள் சொன்னார். இரும்பு ஆங்கிள் வாங்கி, என் கையாலேயே வெல்டிங் வைத்து, பச்சை பெயின்ட் அடித்து, பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தேன்.

இப்போது அந்தச் சொல்லைப் பற்றி. குளித்துவிட்டு ஜட்டி போடாமல் ஓடும் பிள்ளையைப் பார்த்து நம் வீடுகளில் எல்லோரும் "ஷேம் ஷேம்" என்று கை தட்டுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அது நம் வீட்டுக்குள் வந்ததோ, இங்கிலீஷ் தெரியாத உன் அம்மாவும் சொன்னாள், நானும் சொன்னேன். போகப்போக அந்த இடத்துக்கே அது பெயராகிவிட்டது. 'ஷேமை மூடு', 'ஷேமைக் கழுவு' என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். காதுக்குக் காது என்று பெயர், முட்டிக்கு முட்டி என்று பெயர், அங்கே மட்டும் அவமானம் என்று பெயர். வேறு சொல் உனக்கு நாங்கள் கொடுக்கவே இல்லை. அதோடு, கேலி செய்வதற்கும் வீட்டில் அதே சொல்தான். ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் தட்டில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாய். "அம்மா, கேரம் மாமா ஷேம் பண்றாரு." உன் அம்மா தலை நிமிராமல், "நீ பட்டன் போடாம போனா பண்ணத்தான் பண்ணுவாரு" என்றாள். நான் ஒரு படி மேலே போய், "ஷேம் ஷேம்" என்று கை தட்டிச் சிரித்தேன். நீயும் கொஞ்சம் சிரித்தாய். தண்ணீர் குடித்தாய். அதோடு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. "அப்பவே ஏன் சொல்லல?" என்று பிற்பாடு உறவுக்காரர்கள் உன்னிடம் கேட்டார்கள், அவர்களுக்கு நீ பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாய். அவர்கள் எல்லோருக்கும் இப்போது நான் பதில் சொல்கிறேன். என் மகன் சொன்னான். தைரியமாக, சாப்பாட்டுத் தட்டின் முன்னால், அம்மா அப்பா இருவர் காதிலும் விழும்படி, தன்னிடம் இருந்த ஒரே சொல்லில் சொன்னான். எங்கள் காதுதான் அந்தச் சொல்லைக் கேலி என்று கேட்டது.

எதிர் வீட்டு டீச்சரம்மாவின் பையன் உன் செட். அவன் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. அந்தம்மா சயின்ஸ் டீச்சர், உடம்பின் எல்லா இடத்துக்கும் பெயர் சொல்லியே அவனை வளர்த்திருந்தார். அவன் சொன்னது அந்தம்மாவுக்கு முதல் தடவையே புரிந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் நம் வாசலில் வந்து நின்று, "அண்ணா, அந்த ஆள் பசங்க உடம்புல கை வைக்கிறான். என் பையன் சொல்லிட்டான். உங்க பையனைக் கேளுங்க. திட்டாம கேளுங்க" என்றார். குரலை இறக்கவில்லை, அக்கம்பக்கம் பார்க்கவில்லை. அன்றைக்கு உன்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய், அந்தச் சொல் இல்லாமல் கேட்டேன். நீ சொன்னாய். என்ன சொன்னாய் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது உன்னுடையது, வேடிக்கை பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

காலனி அசோசியேஷன் கூட்டம் போட்டது. அப்போது செக்ரெட்டரியாக இருந்தவர் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே, "ஆம்பளப் பசங்கதானே சார், இன்னா ஆயிடப் போவுது? பொம்பளப் புள்ளயா இருந்தா வேற விஷயம். பெரிய மனுஷன் மானத்த வாங்கினு இன்னாத்துக்கு பேஜார்?" என்றார். பத்து தலை ஆடியது. நான் எழுந்து நேரே அந்த ஆள் வீட்டுக்குப் போனேன். போர்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, நான் செய்த ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றேன். "இன்னா அண்ணா, ஸ்டாண்டோட எங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏன் எடுத்துவருகிறேன் என்று காரணம் சொன்னேன். பையன்கள் பெயர் எதையும் சொல்லவில்லை. அந்த ஆள் பெயரை மட்டும் சத்தமாகச் சொன்னேன். தெருவில் பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். ஆனாலும் அந்த வாரமே அவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பை உடைத்தது தாம்பரத்தில் நான் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டிய மனநல டாக்டரம்மா. நடந்ததையெல்லாம் மார்தட்டிச் சொன்னேன். அவர் கேட்டார், "இப்ப எங்க இருக்கார் அவர்?" தெரியாது என்றேன். "அவர் குடிபோன தெருவுல குழந்தைங்க இருக்காங்களா?" என்றார். எந்த ஊருக்குப் போனார் என்றுகூட நான் யாரிடமும் விசாரித்திருக்கவில்லை. போலீசுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, போனால் உன் பெயர் நாறும் என்று பயந்தேன். இன்றைக்கு போக்சோ சட்டம் இருக்கிறது, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம், குழந்தையின் பெயரை வெளியே விடுவதும் குற்றம். யார் வீட்டிலாவது இப்படி ஒன்று தெரிய வந்தால், என்னைப் போல ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். புகார் கொடுங்கள். துரத்திவிடுவது பக்கத்து ஊர்க் குழந்தையின் தலையில் கட்டுவதுதான்.

அந்த டாக்டரம்மாவோடு நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். நீ உள்ளே படம் வரைந்துகொண்டிருப்பாய், உன் முறை முடிந்ததும் என் முறை. "அவன் மனுஷனே இல்ல மேடம், மிருகம்" என்பேன். அவர் சொல்வார், "அப்படியே வச்சுக்கங்க சார். ஆனா மிருகம்னு சொல்லிட்டா, நீங்க மிருகம் மாதிரி இருக்கறவனைத்தான் தேடுவீங்க. இவர் அப்படியா இருந்தார்? வேட்டி கட்டிக்கிட்டு, பொறுமையா கதை கேட்டுக்கிட்டு இல்ல இருந்தார்?" எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். சில பேருக்குக் குழந்தைகள் மேல் அந்த மாதிரி ஈர்ப்பு இருக்கிறது. அது பெரும்பாலும் இளவயதிலேயே தெரிய வருகிறது, யாரும் கேட்டு வாங்குவது இல்லை. அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. அந்த ஈர்ப்பு இருப்பவர்களில் ஒரு குழந்தையைக்கூடத் தொடாமல் தன்னைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், குழந்தைகளைக் கெடுப்பவர்கள் எல்லோருக்கும் அந்த ஈர்ப்பு இருப்பதும் இல்லை. கைக்கு எட்டுகிறது, எதிர்த்துப் பேசாது, சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்காகவே செய்கிறவர்கள் ஏராளம். ஈர்ப்பு ஒருவன் தேர்ந்தெடுத்தது இல்லாமல் இருக்கலாம், கை வைப்பது அவன் தேர்ந்தெடுத்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் கத்தினேன். "அப்போ பாவம்னு விட்டுடணுமா மேடம்?" அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்க ஷாப்புல ஒரு வெல்டிங் விட்டுப்போச்சுன்னா ஏன் விட்டுதுன்னு பார்ப்பீங்க இல்ல? அது வெல்டிங் மேல இருக்கற பாசத்துக்காகவா?" என்றார். அன்றோடு நான் அந்தச் சண்டையை நிறுத்தினேன். புரிந்துகொண்டேன், மன்னிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று. மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் உரிமை, அதில் நான்கூடத் தலையிட முடியாது. "அவர் செத்தே போயிருப்பார், விடு" என்று உனக்கு உபதேசம் செய்ய வருகிறவர்களைக் கீழே என்னிடம் அனுப்பு. நான் பேசிக்கொள்கிறேன்.

அந்த ஆள் எப்படி வந்தார் என்பதையும் டாக்டரம்மாதான் பிரித்துக் காட்டினார். இப்படிப்பட்டவர்கள் முதலில் பிள்ளையைப் பிடிப்பதில்லையாம், பிள்ளையைப் பெற்றவர்களின் நம்பிக்கையைப் பிடிப்பார்களாம். அந்த ஆள் எனக்குக் காபி கொடுத்தார், உன் அம்மாவை "தங்கச்சி" என்றார், என்னிடம் ஸ்டாண்ட் கேட்டார். அப்புறம் பையன்களில் யார் தனியாக இருக்கிறான் என்று பார்த்து, அவனுக்கு மட்டும் ஸ்ட்ரைக்கர், அவனுக்கு மட்டும் மிட்டாய், பிறகு "அம்மாகிட்ட சொல்லாத, இது நம்ம ரகசியம்." ரகசியம் என்ற அந்த ஒரு கயிறு போதுமாம். நீ ஏன் ஓடவில்லை, ஏன் கையைத் தட்டிவிடவில்லை என்று உன்னை நீயே பல தடவை கேட்டிருப்பாய். பயத்தில் உடம்பு மரத்துப்போவது குழந்தைகளுக்கு இயல்பு என்று டாக்டரம்மா உன்னிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். மறந்திருந்தால் இப்போது மறுபடி படித்துக்கொள்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும், உனக்கு இது தெரியாது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் உன்னைத் தொடுவதை நிறுத்திவிட்டேன். அதற்கு முன்னால் வேலை விட்டு வந்ததும் உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வேன், என் சட்டையில் கிரீஸ் வாசனை என்று மூக்கைப் பொத்திக்கொண்டே ஏறிக்கொள்வாய். அதற்குப் பிறகு என் கை உன் பக்கம் நீண்டால் உனக்கு அந்த ஆள் ஞாபகம் வருமோ என்று பயம். தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட உன் அம்மாவைக் கூப்பிட்டேன். சைக்கிள் பழகும்போது சீட்டைப் பிடித்தேனே தவிர உன்னைப் பிடிக்கவில்லை. உன் நல்லதுக்கென்றுதான் செய்தேன். நீயோ, ஒரு தப்பு நடந்த பையனை அப்பா தொடமாட்டார் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். டிரெயினில் நீ டப்பைப் பார்த்துக்கொண்டு பேசியபோதுதான் எனக்கு உறைத்தது. நான் உன்னிடம் செய்ததை நீ உன் மகளிடம் செய்துகொண்டிருக்கிறாய். என் தப்பை என்னோடு நிறுத்திக்கொள்ள விடு.

செவ்வாய்க்கிழமை தாம்பரம் போனேன். டாக்டரம்மாவுக்கு நல்ல வயதாகிவிட்டது, கண்ணாடி தடித்துவிட்டது, ஆனால் என் சண்டையை மறக்கவில்லை. "என்ன சார், இப்ப யாரோட சண்டை?" என்றார். உன் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைக் கேட்டேன், அவருக்குத் தெரியாதா என்ன. அப்படி நடந்த பையன்கள் பின்னாளில் அப்படி ஆவார்கள் என்பது உண்மையா மேடம் என்றேன். "குழந்தைகளைத் தொந்தரவு செஞ்சவங்கள்ல சிலருக்குச் சின்ன வயசுல அப்படி நடந்திருக்கு, அது உண்மை. அதைத் திருப்பிப் போட்டு, நடந்தவங்க எல்லாரும் அப்படி ஆவாங்கன்னு சொல்றதுதான் பொய். பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஒருத்தரையும் தொந்தரவு பண்றதில்ல. நல்ல அப்பா அம்மாவா இருக்காங்க. இந்தப் பேச்சாலதான் நிறைய பேர் வாயைத் திறக்கறதே இல்ல சார்" என்றார். இதை எழுதி நோட்டீஸ் அடித்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு.

இன்னொன்றும் கேட்டேன். அவனுக்குத் தன்னைப் பார்த்தே பயமாக இருக்கிறதாமே, அது எதற்கு அடையாளம் என்றேன். "ஆசை வேற, பயம் வேற சார். வேணாத நினைப்பு ஒண்ணு வந்து, ஐயோ நாம அப்படியான்னு பதறி, குழந்தை பக்கத்துல போகாம ஒதுங்கறது பயத்தோட வேலை. பிள்ளை பெத்த பல பேருக்கு இந்தப் பயம் வருது, வெளிய சொல்ல மாட்டாங்க. ஒதுங்க ஒதுங்க அது வளரும். ஆனா உங்க மூலமா நான் எதையும் முடிவு பண்ண மாட்டேன். அவரையே வரச் சொல்லுங்க, பேசுவோம்" என்றார். போ. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு முதுகு வலி வந்தால் டாக்டரிடம் போகிறேனா இல்லையா? நித்யாவிடமும் சொல்லிவிட்டுப் போ. அவள் நீ நினைப்பதைவிட நெஞ்சுரம் உள்ளவள், நீ பாப்பாவைத் தூக்காததற்கு அவளாக வேறு காரணம் கற்பித்துக்கொண்டு வாடுகிறாள்.

இனி நம் வீட்டு விஷயம். புதன்கிழமை பாப்பாவுக்கு ஜட்டி மாற்றும்போது உன் அம்மா பழக்கதோஷத்தில், "ஐயே, ஷேம் ஷேம்" என்றாள். கூடத்திலிருந்து நான் போட்ட சத்தத்தில் பாப்பாவே அழுகையை நிறுத்திவிட்டாள். "இந்த வூட்டுல அந்த வார்த்தை இனிமே வரக் கூடாது" என்றேன். உன் அம்மா முதலில் முறைத்தாள், அப்புறம் எதற்கென்று புரிந்ததும் முகம் மாறிவிட்டது. ஜட்டியை மாட்டி முடித்தாள். "வேற இன்னான்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்றாள். பிறப்புறுப்பு என்றேன். "குழந்தை வாயில நுழையுமாங்க?" என்றாள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் நுழையும்போது இது மட்டும் நுழையாதா என்று கேட்டு, பழகிக்கொள்வதற்காக நான் உரக்க ஒரு தடவை சொன்னேன். அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். நான் போய்த் திறந்தேன். மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கடைசியில் அவளும் சொன்னாள்.

அந்தச் சூட்டிலேயே காலனி வாட்ஸ்அப் க்ரூப்பில் எழுதினேன். லீவுக்குப் பிள்ளைகள் கேம்ப் நடத்தப் போகிறார்களே, அதில் எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் கதவு சாத்திய அறையில் தனியாக இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, ஏன், நானாக இருந்தாலும் சரி என்று எழுதினேன். பிள்ளைகளுக்கு உடம்பின் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள் என்று எழுதி, அந்தப் பெயரையும் எழுதினேன். இப்போதைய செக்ரெட்டரி போன் செய்து, "சார், லேடீஸ் இருக்கற க்ரூப். கொஞ்சம் டீசன்ட்டா போடக் கூடாதா?" என்றார். உறுப்பின் பெயரில் டீசன்ட்டுக்குக் குறைவாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். க்ரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். சரி என்று, பழைய ஷாப்புக்குப் போய் ஒரு துண்டு தகரம் வாங்கிவந்து, அதே பச்சை பெயின்டில் எழுதி நம் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டேன். 'குழந்தையின் உடம்பில் பெயர் இல்லாத இடம் இல்லை. சொல்லிக்கொடுங்கள். அது சொன்னால் நம்புங்கள்.' எடுக்கச் சொல்லி ஆள் வந்தார்கள். வாசலிலேயே உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்பினேன், போர்டு அங்கேயே இருக்கிறது.

உன் பெரியம்மா வீட்டுக்காரர் வந்தபோது, "பெரிய தாத்தாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று பாப்பாவின் கன்னத்தைப் பிடித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடுங்க சகல, அவளுக்கு வேண்டாம் என்றேன். அவர் நல்ல மனிதர், தவறாக ஒன்றும் இல்லை, முகம் வாடிப்போனார், எனக்கும் வருத்தம்தான். ஆனால் பேசத் தெரியாத குழந்தையின் 'வேண்டாம்' நல்லவரிடமே செல்லுபடியாகவில்லை என்றால் கெட்டவனிடம் அதை எங்கே சொல்வாள்? "பெருசுக்குக் கிறுக்குப் புடிச்சிக்கிச்சு" என்று தெருவில் பேச்சு. பேசட்டும். அன்றைக்கு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் ஒருவனுக்கு, உன்னைப் போல வெறும் பயமாக இல்லாமல், மெய்யாகவே அந்த ஈர்ப்பு உள்ளே இருக்கலாம். அவனுக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார் டாக்டரம்மா. எனக்கு மனசே வரவில்லை, பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன். பேரப்பிள்ளையை நினைத்து எழுதுகிறேன். முகம் தெரியாத தம்பி, நீ யாராக இருந்தாலும், கை வைப்பதற்கு முன்னால் ஒரு மனநல டாக்டர் முன்னால் போய் உட்கார். சொன்னால் விரட்டாமல் கேட்டு, உன்னைக் கட்டுப்படுத்தி வாழ வழி சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளோடு தனியாக இருக்கிற வேலை, டியூஷன், கோச்சிங் எதையும் எடுத்துக்கொள்ளாதே. கை வைத்துவிட்டு வந்தால் நானே உன்னைப் போலீஸில் ஒப்படைப்பேன், அதிலும் சந்தேகம் வேண்டாம்.

என் மகனே, இனி நீ முன்கூட்டிப் படிக்காத பகுதி. மஞ்சள் டப் வாங்கி வந்ததிலிருந்து என் அறையில் கவிழ்ந்து கிடந்தது. அதை நான் கழுவி வெயிலில் காய வைத்துவிட்டேன். கீரை இலை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீரை நானே காய வைத்து, முழங்கையால் சூடு பார்த்து, கிணற்றடியில் கொண்டுவந்து வைப்பேன். அம்மாவும் நித்யாவும் பக்கத்தில் இருப்பார்கள், கதவு என்று ஒன்று அங்கே கிடையாது, வெயில் நன்றாக விழும். பயம் வந்தால் வரட்டும், நான் உன் பின்னால் நிற்பேன். இத்தனை வருஷம் கழித்து உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பேன், தட்டிவிடாதே.

அவளைக் குளிப்பாட்டப்போவது நீதான். உனக்கு நாங்கள் செய்யாததை அவளுக்குச் செய். தண்ணீர் ஊற்ற ஊற்ற ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொடு. இது காது, இது கழுத்து, இது வயிறு, இது முட்டி. நடுவில் அந்தப் பெயரும் வரும். முட்டி என்று எந்தக் குரலில் சொன்னாயோ அதே குரலில் அதையும் சொல். குரலை மட்டும் இறக்காதே.

அப்பா